கணினிப் பராமரிப்பு மென்பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்கள், நண்பர்கள், உடன் பணியாற்றுவோர் எனப் பலருடைய கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக் கொடுத்துவருகிறேன். கணினிகள் மாறினாலும் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. ஒரு விடையில் விளக்கிய செய்தியை மற்றொன்றில் திரும்பச் சொல்லவில்லை என்பதால், முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

யூட்டிலிட்டி மென்பொருள் என்று எதைச் சொல்கிறார்கள்? வேர்ட், எக்செல் எல்லாம் அதில் வருமா?

வராது. கடிதம் எழுதுவது, கணக்குப் போடுவது, படம் வரைவது போன்ற நம்முடைய வேலைகளுக்குப் பயன்படுபவை பயன்பாட்டு மென்பொருள்கள். கணினியையே கவனித்துக்கொள்ளவும் அதை நம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கவும் பயன்படுபவையே யூட்டிலிட்டிகள். டிஸ்க்கில் இடத்தை எது அடைத்திருக்கிறது என்று காட்டுவது, கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவது, காப்புப் பிரதி எடுப்பது, விசைப்பலகையின் விசைகளை மாற்றி அமைப்பது ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் வரலாறு தனிநபர் கணினியின் வரலாற்றோடு ஒட்டியே வருகிறது. 1982-இல் வெளிவந்த நார்ட்டன் யூட்டிலிட்டீஸ் தொகுப்பு புகழ்பெற்றதற்கு முதன்மையான காரணம், தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்டுத் தந்ததுதான். அக்காலத்து இயங்குதளத்தில் அதற்கு வழியே இல்லை. இயங்குதளம் செய்யாமல் விட்டதைச் செய்வதற்காகவே யூட்டிலிட்டிகள் பிறந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் விடைகள் பலவற்றின் காரணம் எளிதில் விளங்கும்.

அப்படியானால் விண்டோஸில் ஏற்கெனவே இருப்பது போதாதா? தனியாக ஏதாவது போட்டே ஆக வேண்டுமா?

அன்றாடப் பராமரிப்புக்குப் போதும். தற்காலிகக் கோப்புகளை நீக்க ஸ்டோரேஜ் சென்ஸ், டிஸ்க்கைச் சீரமைக்க ஆப்டிமைஸ் டிரைவ்ஸ், எந்த மென்பொருள் எவ்வளவு வளத்தை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜர், நச்சுநிரல்களைத் தடுக்க டிஃபெண்டர் என எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. இவற்றில் சில நாம் கேட்காமலேயே வாரந்தோறும் தம் வேலையைச் செய்துவிடுகின்றன.

வெளியிலிருந்து யூட்டிலிட்டி கொண்டுவரும்போது நான் ஒரு வேறுபாட்டைப் பார்ப்பேன். சில மென்பொருள்கள் நிலைமையைக் காட்டிவிட்டு முடிவை நம்மிடம் விட்டுவிடும். வேறு சில, ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாகச் சொல்லி, என்ன செய்கின்றன என்று சொல்லாமலேயே செய்து முடிக்கும். முதல் வகையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இரண்டாம் வகையால் பயனடைந்த கணினிகளைவிட அதனால் பழுதான கணினிகளையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

1 டிபி டிஸ்க் என்று வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை. டிஸ்க் தயாரிப்பாளர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-ஆல் மும்முறை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது. அப்படி வகுத்தால் வருவது 931. இதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் எந்த மென்பொருளையும் நம்ப வேண்டாம்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. எதை அழிக்கலாம்?

அழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ போன்ற மென்பொருள்கள் டிஸ்க் முழுவதையும் படித்து, எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். விஸ்ட்ரீ, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகக் கையாளும் கோப்பு முறை) டிரைவில் உள்ள கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளிலேயே முடித்துவிடும். ஒருமுறை உறவினர் ஒருவரின் மடிக்கணினியில், துப்புரவு மென்பொருள் ஒன்றை ஆறு மாதமாக நாள்தோறும் ஓட்டியும் இடம் போதவில்லை என்றார். அளந்து பார்த்தபோது, அவருடைய பழைய கைப்பேசியின் காப்புப் பிரதி மட்டுமே 64 ஜிபி பிடித்திருந்தது தெரிந்தது. அந்தத் துப்புரவு மென்பொருள் நாளுக்கு 200, 300 எம்பி தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்ததே தவிர, அந்தக் கோப்புறையை ஒருநாளும் அவர் கண்ணில் காட்டவில்லை.

அளந்த பிறகு, விண்டோஸ் அமைப்புகளில் உள்ள சேமிப்பகப் பகுதிக்குச் சென்று தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். பெரிய புதுப்பிப்புக்குப் பின் விண்டோஸ் ஓல்டு என்ற கோப்புறை இருந்தால், அது பழைய பதிப்புக்குத் திரும்புவதற்காக வைக்கப்பட்டது. பத்து நாட்களில் தானாகவே நீங்கிவிடும். புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியானால் முன்கூட்டியே நீக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக நிற்கும். பலர் தம் முக்கியமான ஆவணங்களை இறக்கிய இடத்திலேயே விட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர்கள். பட்டியல் முழுவதையும் குறியிட்டு அழிக்கும்போது அவையும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே குறியிடுங்கள்.

அளந்து பார்த்ததில் வின்எஸ்எக்ஸ்எஸ், ஹைபர்ஃபில், பேஜ்ஃபைல் என்று பெரிது பெரிதாக வருகிறது. இவற்றை அழித்துவிடலாமா?

வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் கையே வைக்க வேண்டாம். விண்டோஸின் உறுப்புகள் அனைத்தும் அங்குதான் இருக்கின்றன. அங்குள்ள ஒரே கோப்பு வேறு கோப்புறைகளிலும் இணைப்பாகத் தோன்றுவதால், காட்டப்படும் அளவு உண்மையில் பிடித்திருக்கும் இடத்தைவிட மிகுதியாகத் தெரியும். பழைய புதுப்பிப்புகளின் மிச்சத்தை அதிலிருந்து நீக்க, முந்தைய விடையில் சொன்ன தற்காலிகக் கோப்புகள் பட்டியலே பாதுகாப்பான வழி.

ஹைபர்ஃபில் என்பது கணினியை ஹைபர்னேட் எனப்படும் உறக்கநிலையில் வைக்கும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் கோப்பு. உறக்கநிலையையே பயன்படுத்தாதவர்கள், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையின் மூலம் அந்த வசதியை நிறுத்தினால், கோப்பு தானாகவே மறையும். பேஜ்ஃபைல், ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் கோப்பு. ரேம் மிகுதியாக இருந்தாலும் அதை விட்டுவைப்பதே நல்லது. அதை நிறுத்திய கணினிகளில், நினைவகம் போதவில்லை என்று மென்பொருள்கள் திடீரென மூடிக்கொள்வது உண்டு.

டிஃப்ராக் மாதம் ஒருமுறை செய்ய வேண்டும் என்று படித்திருக்கிறேன். எஸ்எஸ்டிக்கும் செய்யலாமா?

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பிறந்த அறிவுரை அது. ஒரே கோப்பின் துண்டுகள் வட்டில் சிதறிக் கிடந்தால், படிக்கும் முனை ஒவ்வொரு துண்டுக்கும் இடம்பெயர வேண்டும்; ஒரு தாவலுக்கு ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். துண்டுகளை அடுத்தடுத்து வைப்பதே டிஃப்ராக். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. துண்டு எங்கே இருந்தாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்துவிடும். ஆகவே டிஃப்ராக் செய்வதால் வேகம் கூடாது. அதன் செல்கள் குறிப்பிட்ட தடவைகளே எழுதப்படக் கூடியவை என்பதால், வீணாக எழுதிய அளவுக்கு அதன் ஆயுள்தான் குறையும்.

எஸ்எஸ்டிக்குத் தேவைப்படுவது டிரிம் எனப்படும் வேறொரு பணி. அழிக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடங்களை இனி காலியாகக் கருதலாம் என்று இயங்குதளம் டிஸ்க்குக்குத் தெரிவிப்பதே அது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இவ்வசதி இருக்கிறது. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று தேடித் திறந்து பார்த்தால், எந்த டிரைவ் எவ்வகை என்பதையும் கடைசியாக எப்போது பணி நடந்தது என்பதையும் காணலாம். வகையை அறிந்து அதற்கேற்ற பணியை அதுவே செய்துகொள்கிறது. வேறு டிஃப்ராக் மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடத்தைக் காலியாக வைத்திருப்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

கணினியைப் போட்டால் திரை வந்தும் ஐந்து நிமிடம் எதுவும் செய்ய முடியவில்லை. எந்த மென்பொருள் இதைச் சரிசெய்யும்?

மென்பொருளைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே இதற்கு மருந்து. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குச் சென்றால், கணினியோடு சேர்ந்தே எழும் மென்பொருள்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் தாக்கம் எவ்வளவு என்பதும் தெரியும். அச்சுப்பொறியின் உதவி நிரல், விளையாட்டுக் கடை, அரட்டை மென்பொருள் என்று நீங்கள் எப்போதாவது மட்டும் திறப்பவற்றை அங்கே முடக்கலாம். முடக்குவது நீக்குவது ஆகாது. வேண்டும்போது நீங்களே திறந்து பயன்படுத்தலாம்.

அந்தப் பட்டியலில் எல்லாமும் வருவதில்லை. திட்டமிட்ட பணிகள், சேவைகள், டிரைவர்கள் என வேறு பல வாயில்கள் வழியாகவும் நிரல்கள் எழுகின்றன. அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டுவது ஆட்டோரன்ஸ். 1996-இல் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது இது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொகுப்பை வாங்கிவிட்டது, இன்றும் இலவசமாகத் தருகிறது. முதன்முறை திறக்கும்போது நூற்றுக்கணக்கான வரிகள் வந்து மலைக்க வைக்கும். மைக்ரோசாஃப்டின் உள்ளீடுகளை மறைக்கும் தெரிவைப் போட்டுவிட்டால், பார்க்க வேண்டியவை மட்டும் மிஞ்சும். இங்கும் அழிப்பதற்குப் பதில் குறியை மட்டும் எடுத்துவிட்டுச் சில நாள் பாருங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் ஓடும் கணினி என்றால், மேலே சொன்னவற்றால் ஓரளவே பயன் கிட்டும். அதற்கு எஸ்எஸ்டி போடுவதற்கு ஈடான யூட்டிலிட்டி எதுவும் இல்லை.

நாள்தோறும் ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பன்னிரண்டு நாளாக ஓடுவதாகக் காட்டுகிறதே?

அது பிழையன்று. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, ஷட் டவுன் செய்யும்போது நம் மென்பொருள்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் உட்கருவை மட்டும் டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. முழுமையாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும், அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்க வேண்டும். விளங்காத கோளாறு எதற்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த ரீஸ்டார்ட்தான். தினமும் அணைக்கிறேனே என்று சொல்பவர்களின் கணினிகள்கூட இதிலேயே சரியாகிவிடுவது உண்டு.

ரேம் கிளீனர் போட்டதும் பயன்பாடு 80 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைகிறது. அப்படியானால் நல்லதுதானே?

எண் குறைவது உண்மை, ஆனால் கணினி வேகமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அம்மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் தரவுப் பகுதிகளை ரேமிலிருந்து வெளியேற்றுகிறது. அடுத்த நொடி நீங்கள் அந்த நிரலுக்குத் திரும்பும்போது, வெளியேறியவற்றுள் பலவற்றை மீண்டும் தேடி எடுத்துவர வேண்டியிருக்கிறது. சில டிஸ்க்கிலிருந்தே வர வேண்டியிருக்கும். டிஸ்க் எவ்வளவு வேகமாக இருந்தாலும் ரேமுக்கு நிகராகாது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை என்பதால்தான், அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் அதில் முன்கூட்டியே ஏற்றிவைக்கிறது. வேறு நிரல் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கவும் செய்கிறது.

ரேம் உண்மையிலேயே போதவில்லை என்றால், டாஸ்க் மேனேஜரில் நினைவக வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது, நாற்பது தத்தல்களோடு (டேப்) திறந்து கிடக்கும் உலாவியாகவே இருக்கும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் 1,347 பிழைகள் இருப்பதாகச் சொல்கிறது. சரிசெய்யாவிட்டால் ஆபத்தா?

ஆபத்து இல்லை. சரிசெய்தால்தான் ஆபத்து. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தம் அமைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளம். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்திலிருந்தே அது இருக்கிறது. கிளீனர்கள் பிழை என்று சொல்பவை பெரும்பாலும், நீக்கப்பட்ட மென்பொருள்கள் விட்டுச்சென்ற பழைய வரிகள். அவற்றால் வேகம் குறைவதில்லை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. வேண்டிய வரிக்கு நேராகச் சென்று எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் வரிகளை நீக்கினாலும் மிச்சமாகும் இடம் ஒரு புகைப்படத்தின் அளவுக்குக்கூட வராது.

இழப்போ பெரிதாக இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் என் சொந்தக் கணினியில் இப்படியொரு கிளீனரை ஓட்டினேன். மறுநாள் ஆவணங்களைத் திறந்து படிக்க முடிந்தது, அச்சிட மட்டும் முடியவில்லை. கிளீனரால் பயனற்றது என்று கருதப்பட்ட ஒரு வரி, அச்சு மென்பொருளின் உறுப்பு ஒன்று எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரியாக இருந்திருக்கிறது. கண்டுபிடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. இந்த ஒரு வகை மென்பொருளை மட்டும் எந்தச் சூழலிலும் நான் பரிந்துரைப்பதில்லை.

டிரைவர் அப்டேட்டர் இருபது டிரைவர்கள் பழையவை என்கிறது. எல்லாவற்றையும் புதுப்பிக்கட்டுமா?

வேண்டாம். டிரைவர் என்பது வன்பொருளோடு பேசும் நிரல். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தால் அதை மாற்றக் காரணம் இல்லை. தேவையானவற்றை விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவருகிறது. ஒலி வரவில்லை, வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்பது போன்ற குறிப்பான குறை இருந்தால், மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாதிரி எண்ணைக் கொடுத்து அந்த ஒரு டிரைவரை மட்டும் எடுங்கள். திரை அட்டை மட்டும் விதிவிலக்கு. விளையாடுபவர்களும் காணொலி தொகுப்பவர்களும் தயாரிப்பாளரிடமிருந்தே அவ்வப்போது புதியதைப் பெறுவது பயன் தரும்.

இலவச மென்பொருளை இறக்குகிறேன். அது பாதுகாப்பானதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலாவது, உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரம். இறக்கும் பக்கத்தில் இருக்கும் பெரிய பச்சைப் பொத்தானும் விளம்பரமாக இருக்கலாம். இரண்டாவது, நிறுவும்போது விரைவு முறைக்குப் பதிலாக விருப்ப முறையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு திரையையும் படிக்க வேண்டும். கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் மென்பொருள்கள் அங்குதான் ஒளிந்திருக்கும். மூன்றாவது, இறங்கிய கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும் நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது என்பதை 2017-இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. உலகெங்கும் புழங்கும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில், அதை உருவாக்கும் இடத்திலேயே ஊடுருவியவர்கள் தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் அது அதிகாரப்பூர்வத் தளத்திலேயே, முறையான கையொப்பத்தோடு கிடைத்தது. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்குச் சென்றது. குறிப்பிட்ட சில தொழில்நுட்ப நிறுவனங்களே ஊடுருவியவர்களின் இலக்கு என்று பின்னர் தெரியவந்தது. பயனர் பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆகவே நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருள்கள் ஒரு கணினியில் எவ்வளவு குறைவாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. ஒரே கோப்பைத் திறக்கும் கணத்தில் இரண்டும் சோதிக்க முனைந்து கணினியை இழுத்துப் பிடிக்கும். சிலவேளை ஒன்று மற்றொன்றையே தீநிரல் என்று கருதும். வேறொன்று நிறுவப்பட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்வதும் இதனாலேயே.

பராமரிப்பு புரிந்தது. தோற்றத்தையும் பயன்படுத்தும் விதத்தையும் என் விருப்பப்படி மாற்ற எதிலிருந்து தொடங்கலாம்?

பவர்டாய்ஸிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 95 காலத்தில் இதே பெயரில் ஒரு தொகுப்பு இருந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதைத் திறமூல மென்பொருளாகப் புதிதாக எழுதத் தொடங்கியது. அதிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கவும் அணைக்கவும் முடிவதால், வேண்டாதது எதுவும் பின்னணியில் ஓடாது.

அதில் நான் நாள் முழுதும் பயன்படுத்துவது ஃபேன்சிசோன்ஸ். அகலமான திரையை முதலில் மூன்று பகுதிகளாக வரைந்துகொண்டேன். நடுவில் அகலமான பகுதி, இரு பக்கமும் குறுகியவை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு சாளரத்தை இழுத்தால் மூன்று கட்டங்களும் மங்கலாகத் தெரியும். வேண்டிய கட்டத்தின் மேல் விட்டால் சாளரம் அதில் அளவெடுத்தது போலப் பொருந்திக்கொள்ளும். எழுதுவது நடுவில், அகராதி இடப்பக்கம், குறிப்புகள் வலப்பக்கம் என்று ஒருமுறை வைத்துவிட்டால், சாளரங்களை ஓரம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் வேலை அன்று முழுதும் இல்லை. பவர்ரீநேம் என்ற கருவி நூற்றுக்கணக்கான புகைப்படங்களின் பெயர்களை ஒரே தடவையில் மாற்றும். பழைய பெயர் இடப்பக்கமும் புதிய பெயர் வலப்பக்கமும் தெரிந்த பிறகே நாம் ஒப்புதல் தருகிறோம் என்பதால் அதை மிகவும் மதிக்கிறேன். உடைந்துபோன அல்லது தேவைப்படாத விசைக்கு வேறு பணி தர கீபோர்டு மேனேஜர் உதவும்.

அடுத்த படியாக ஆட்டோஹாட்கீ உண்டு. நீங்கள் அடிக்கடி தட்டச்சும் முகவரியையோ வாசகத்தையோ இரண்டெழுத்துச் சுருக்கத்தில் வரவழைக்கும் சிறு நிரல்களை அதில் எழுதலாம். முகப்புத் திரையில் கடிகாரம், கணினியின் பயன்பாட்டு அளவைக் காட்டும் பலகைகள் போன்றவற்றை வைக்க விரும்புவோருக்கு ரெயின்மீட்டர் இருக்கிறது. அழகாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு நொடியும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பத்துப் பலகைகளை வைத்துவிட்டு மடிக்கணினியின் மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்று வருந்தக் கூடாது.

டாஸ்க்பாரை மாற்றும் மென்பொருள் போட்டிருந்தேன். விண்டோஸ் அப்டேட் வந்ததும் திரையே கறுப்பாகிவிட்டது. ஏன்?

மேலே சொன்ன பவர்டாய்ஸ் போன்றவை, விண்டோஸ் வெளியாருக்கென்று திறந்துவைத்திருக்கும் வழிகளில் வேலை செய்பவை. டாஸ்க்பாரையும் தொடக்கப் பட்டியையும் பழைய தோற்றத்துக்கு மாற்றுபவை பெரும்பாலும், டாஸ்க்பாரையும் கோப்புறைகளையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர் நிரலுக்குள்ளேயே நுழைந்து அதன் பகுதிகளை மாற்றி ஓடவிடுகின்றன. புதுப்பிப்பில் எக்ஸ்ப்ளோரர் மாறிவிட்டால், நுழைந்த மென்பொருள் தேடும் இடம் அங்கே இருக்காது. எக்ஸ்ப்ளோரர் விழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருக்கும்.

திரை கறுப்பாக இருந்தாலும் டாஸ்க் மேனேஜர் பெரும்பாலும் திறக்கும். புதிய பணியை இயக்கும் தெரிவின் வழியாக, மென்பொருள்களை நீக்கும் பகுதியைத் திறந்து அதை நீக்கிவிடலாம். முடியாவிட்டால், மிகத் தேவையான நிரல்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் நுழைந்து நீக்குங்கள். இத்தகைய மென்பொருளை விரும்பிப் பயன்படுத்துவோர், பெரிய புதுப்பிப்புக்கு முன் அதை நீக்கிவிட்டு, அதன் புதிய பதிப்பு வந்த பின் மீண்டும் நிறுவுவதே முறை.

டிஸ்க் போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பல நேரங்களில் முடியும். டிஸ்க்குகள் ஸ்மார்ட் என்ற பெயரில் தம் உடல்நிலைக் குறிப்பைத் தாமே எழுதிக்கொண்டிருக்கின்றன. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைப் படித்துக் காட்டும். இரண்டாவது விடையில் சொன்ன, காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் மூன்று வரிகளைக் கவனியுங்கள்: 05 என்பது பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள், சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் பகுதிகள், சி6 என்பது திருத்தவே முடியாதவை. இவற்றின் மூல மதிப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். அந்த மதிப்புகள் பதினாறடிமான எண்களில் காட்டப்படுவதால், 10 என்று தெரிந்தால் அது பதினாறு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சி7 கூடினால், டிஸ்க்கைவிட அதை இணைக்கும் கம்பியைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

எண் பூச்சியமாக இல்லாமல் வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால், அன்றே காப்புப் பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். எல்லாம் நீலமாக நலம் என்று காட்டும் டிஸ்க்கும் முன்னறிவிப்பின்றி நின்றுபோகலாம், குறிப்பாக எஸ்எஸ்டி. ஆதலால் அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள்.

சிஸ்டம் ரிஸ்டோர் போட்டு வைத்திருக்கிறேன். தனியாக பேக்கப் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். சிஸ்டம் ரிஸ்டோர், இயங்குதளத்தின் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரியையும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அது மீட்டுத் தராது. அதே டிஸ்க்கில் இருப்பதால் டிஸ்க் போனால் அதுவும் போகும். புதிய யூட்டிலிட்டி ஒன்றை நிறுவும் முன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிவைக்க அது நல்லது. பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், முதலில் இயக்கிக்கொள்ளுங்கள்.

காப்புப் பிரதிக்கு மூன்று-இரண்டு-ஒன்று என்ற கணக்கு நெடுநாளாக வழக்கில் இருக்கிறது. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். வெளி டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி விட்டுவிடாமல், எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரேன்சம்வேர்) தாக்கினால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பிரதியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க நேர்ந்திருக்கிறது. அந்த வேதனை வேறு யாருக்கும் வர வேண்டாம்.

தவறுதலாக அழித்துவிட்டேன், குப்பைத்தொட்டியிலும் இல்லை. மீட்பு மென்பொருளால் எடுக்க முடியுமா?

ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு. அழித்த கோப்பின் தரவு உடனே மறைவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்றவற்றால் எடுக்கலாம். எனவே அந்தக் கணமே கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கி நிறுவுவதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. தேடும் கோப்பின் மேலேயே அது போய் அமர்ந்துவிடக்கூடும். வேறு கணினியில் பென்டிரைவில் வைத்துக் கொண்டுவந்து, மீட்டதையும் வேறு டிஸ்க்கிலேயே சேமியுங்கள்.

கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்றால், முன்பு விளக்கிய டிரிம் காரணமாக, அழித்த சிறிது நேரத்திலேயே தரவு கிட்டாமல் போய்விடுவதே வழக்கம்.

விண்டோஸ் கோப்புகள் கெட்டுவிட்டன போலிருக்கிறது. எஸ்எஃப்சி, டிஸ்ம் இரண்டில் எதை முதலில் ஓட்ட வேண்டும்?

டிஸ்ம் முதலில். இரண்டும் நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தில் ஓட்ட வேண்டிய பழுதுநீக்கும் கட்டளைகள். எஸ்எஃப்சி, கெட்ட கோப்புக்குப் பதிலாக நல்ல பிரதியை வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கிலிருந்து எடுத்து வைக்கிறது. கிடங்கே கெட்டிருந்தால் அதனால் பயன் இல்லை. ரெஸ்டோர்ஹெல்த் தெரிவோடு டிஸ்மை ஓட்டினால் அது கிடங்கைச் செம்மை செய்யும். அதன் பிறகு எஸ்எஃப்சியை ஓட்டுங்கள். நடுவில் சதவீதம் நெடுநேரம் அசையாமல் நிற்கும், பொறுத்திருங்கள்.

பார்ட்டிஷன் அளவை மாற்றினேன், இப்போது கணினி 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. என்ன அது?

பிட்லாக்கர் மீட்பு விசை. உங்கள் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. வட்டைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரித்திருக்கும் அமைப்போ, விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்போ மாறினால், வேறு யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கருதி அது விசையைக் கேட்கும். புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும்போது குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுவது உண்டு என்பதால், தம் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. வேறொரு கருவியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், அங்கே விசை சேமிக்கப்பட்டிருக்கலாம். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேளுங்கள்.

எங்கும் இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. திறந்து தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாற வேண்டாம். பார்ட்டிஷன் மென்பொருளையோ பயாஸ் புதுப்பிப்பையோ தொடும் முன், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, விசையையும் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன். ஃபார்மேட் செய்தால் போதுமா?

விரைவு ஃபார்மேட் போதாது. மீட்பு பற்றிய விடையில் சொன்னபடி, தரவு அங்கேயே இருக்கும். விண்டோஸில் ரீசெட் தெரிவுக்குச் சென்று, எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்து, கூடுதல் அமைப்புகளில் தரவைத் துடைக்கும் தெரிவையும் இயக்குங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் எழுதித் துடைக்கச் சில மணிநேரம் ஆகும். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்திருக்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் மேலே மேலே எழுதித் துடைக்கும் பழைய மென்பொருள்கள் முழுப் பயன் தருவதில்லை. தேய்மானத்தைச் சமன்செய்ய அது எழுதும் இடங்களை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருப்பதால், சில பகுதிகள் தப்பிவிடும். டிஸ்க் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் உள்ள பாதுகாப்பான அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். கொடுக்கும் முன், உலாவியிலும் மற்ற மென்பொருள்களிலும் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் கருவிகள் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.